கொத்தனார் கிண்டிய கிரீம்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த மகளை அந்தக் கொத்தனார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தூக்குவார். இருபது வருஷமாகச் சிமெண்டுக் கலவையில் புழங்கிய கை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, உள்ளங்கை உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. முதல் நாள் ஆசை ஆசையாய்க் கன்னத்தைத் தடவியபோது குழந்தை வீறிட்டு அழுதது. பசியில் அழுதாள் என்று மனைவி எவ்வளவோ சொல்லியும் அவர் நம்பவில்லை.

கடையில் வாங்கிய கிரீம் வெடிப்பில் பட்டதும் எரிந்தது. வாசனையும் தூக்கலாக இருந்தது; பச்சைக் குழந்தைக்கு ஆகுமோ ஆகாதோ என்று அதை மூடி வைத்துவிட்டார். வீட்டிலேயே செய்யலாமே என்றவர் மச்சான், மனைவியின் அண்ணன். மருந்துக்கடையில் வேலை. தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் நான்கு பங்கு, காய்ச்சிய தண்ணீர் இரண்டு பங்கு என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கொத்தனார் அடுப்படியைப் பிடித்துக்கொண்டார். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து மெழுகையும் எண்ணெயையும் உருக்கினார். ஆறிப்போயிருந்த தண்ணீரை ஒரே ஊற்றாக ஊற்றினார். மெழுகு கட்டி கட்டியாகத் திரண்டது. தண்ணீர் தனியே நின்று அவரைப் பார்த்தது. மறுபடி செய்தார். மறுபடியும் அதே கதி.

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பார்த்திருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏங்க, கலவைக்கும் இப்படித்தான் மொத்தத் தண்ணியையும் கவுத்து விடுவீங்களா?"

கொத்தனார் நெற்றியில் தட்டிக்கொண்டார். தண்ணீரை அள்ளிக் கொட்டாதே என்று வேலையிடத்தில் தினமும் தொண்டை கிழியக் கத்துபவரே அவர்தான்.

மூன்றாம் தடவை தண்ணீரையும் எண்ணெய் அளவுக்கே சூடாக்கினார். நூல் போல விட்டுக்கொண்டே முள்கரண்டியால் அடித்தார். ஆறும்வரை கை ஓயவில்லை. மஞ்சள் எண்ணெய் மெல்ல வெளுத்தது, இறுகியது, கரண்டியில் எடுத்தால் வழியாமல் நின்றது. சாயங்காலம் வந்த மச்சான் தொட்டுப் பார்த்துவிட்டு, "தண்ணி சேர்ந்த சரக்கு மாப்ள. ஃபிரிட்ஜுல வைங்க, ஒரு வாரத்துக்கு மேல வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் பூசினார். வேலைக்குக் கையுறை மாட்டினார். கட்டடத்தில் கேலிக்குக் குறைவில்லை. புதுப்பெண் மாதிரி கையைப் பொத்திப் பொத்தி வைக்கிறார் என்று பெயிண்டர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாரம் ஒரு கிண்ணம் கிண்டியதில், மூன்றாம் வாரம் வெடிப்புகள் மூடின.

ஒரு காலை மனைவி அவரிடம் எதுவும் கேட்காமல், அவருடைய வெறும் கையில் மகளைப் படுக்க வைத்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். குழந்தை ஒரு கொட்டாவி விட்டு, அவர் கட்டைவிரலைப் பற்றிக்கொண்டு தூங்கிப்போனது.

"குடுங்க, கை மரத்துடும்" என்றாள் மனைவி.

"மரத்தா மரத்துட்டுப் போகுது."

அன்று அவர் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்.

அடுத்த வாரம் காலி டப்பாவோடு முதலில் வந்து நின்றவர் பெயிண்டர். பின்னாலேயே தச்சரும் கம்பி கட்டுபவரும். அந்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் பெரிய பாத்திரமாக ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே கிண்டினார். டப்பாக்களை நிரப்பி முடித்ததும் மனைவி நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள்.

"ஊருக்கெல்லாம் ஆச்சு. என் குதிகாலையும் கொஞ்சம் பாருங்க."

அவர் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்தார். கூச்சத்தில் அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் மகள் விழித்துக்கொண்டாள்.