அக்காவுக்கு ரசீது கிடையாது

பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு வருடத்தில் பதினோரு மாதம்தான் சம்பளம். பிப்ரவரி மாதத்துச் சம்பளத்தை வருமான வரி தின்றுவிடும். அதனால் ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் ஸ்டாஃப் ரூமில் பாடத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. எதைக் காட்டி எவ்வளவு கழிக்கலாம் என்பதுதான் பேச்சு. நான் அருப்புக்கோட்டையில் இருபத்தெட்டு வருடம் கணக்குப் பாடம் நடத்தியவன். அந்த அறையில் என் வார்த்தைக்கு நல்ல மதிப்பு உண்டு. இருந்து என்ன புண்ணியம்.

அந்த வருடம் புதுக் கார் வாங்கியிருந்தேன். பழைய வெள்ளைக் கார் வாசல் வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நின்றது. புரோக்கர் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போதுதான் சக வாத்தியார் ஒருவர் வழி சொன்னார்.

"பேசாம ஒரு டிரஸ்டுக்குக் குடுத்துருங்க சார். நன்கொடைக்கு எண்பது ஜி ரசீதை வாங்கி வரியில கழிச்சுக்கலாம். புண்ணியத்துக்குப் புண்ணியம், லாபத்துக்கு லாபம்."

அதே வாரம் அக்கா வீட்டுக்கு வந்தாள். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். மச்சானுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு தடவை மதுரைக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பஸ் மாற வேண்டும்.

"தம்பி, அந்தக் காரு சும்மாதான நிக்குது. எங்களுக்குக் குடேன். ரத்தத்தச் சுத்தம் பண்ணிட்டு வரைல ஒங்க மச்சானுக்குப் பஸ்ஸுல நிக்க ஏலல. பெரியவன் ஓட்டிக்கிருவான்."

"அத ஒரு டிரஸ்டுக்குக் குடுக்கிறதா வாக்குக் குடுத்துட்டேன்க்கா" என்றேன்.

பச்சைப் பொய். அன்றைக்கு வரை எந்த டிரஸ்டின் வாசலையும் நான் மிதித்ததில்லை. அக்காவுக்குக் கொடுத்தால் ரசீது கிடையாது; என் மனக்கணக்கு அவ்வளவுதான். அவள் நம்பிவிட்டாள். "குடுத்த வாக்க மாத்தக் கூடாதுப்பா" என்று எனக்கே சமாதானம் சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துப் பஸ்ஸுக்குப் போனாள். அடுப்படியில் நின்ற என் மனைவி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சொன்ன பொய்யை உண்மையாக்க வேண்டுமே. பந்தல்குடி ரோட்டில் நோயாளிகளுக்கு உதவும் டிரஸ்ட் ஒன்றைப் பிடித்து, மார்ச் மாதம் சாவியைக் கொடுத்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். உபயம் யார் பெயரில் எழுதட்டும் என்று கேட்டார்கள். எங்கள் பக்கம் கோயிலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தால்கூட மூன்று இறக்கையிலும் பெயரை எழுதித்தான் மாட்டுவார்கள். சுற்றும்போது ஒருத்தர் பெயரும் தெரியாது என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கார் அப்படிச் சுற்றாது அல்லவா. பின்கண்ணாடியில் 'உபயம்' என்று போட்டு, சிவப்பு எழுத்தில் என் பெயரையும் பட்டங்களையும் எழுதச் சொன்னேன். பெயிண்டர் பி.எட்.டை விட்டுவிட்டார். பக்கத்திலேயே நின்று அதையும் எழுத வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஆடிட்டர் என் காகிதங்களைப் பார்த்துச் சிரித்தார். "பொருளாக் குடுத்தா சல்லிக்காசு கழிக்க முடியாது சார். பணமா, அதுவும் பேங்கு வழியாக் குடுத்திருக்கணும். கணக்கு வாத்தியாரு நீங்க, ஒரு வார்த்த கேட்டுட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவனுக்குத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் கொடுத்தவனே பல்லைப் பிடித்துப் பார்க்கப் போனேன். பணமாகக் கொடுத்ததாக ஒரு ரசீது போட்டுத் தரச் சொல்லி டிரஸ்ட்காரரிடம் கெஞ்சினேன். "எங்க தலையில கல்லத் தூக்கிப் போட்றாதீக சார்" என்று கும்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலையெல்லாம் மனைவி மேல் கொட்டினேன்.

"மதினிக்குக் குடுத்திருந்தா அண்ணனாச்சும் உக்காந்து போயிருப்பாக" என்றாள் அவள்.

ஏப்ரலில் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மச்சான் தடுமாறி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அதற்குமேல் அவரால் பஸ் ஏற முடியவில்லை. யாரோ சொல்லி அக்கா அந்த டிரஸ்டில் போய் வண்டி கேட்டாள். அவர்கள் என் காரைத்தான் அனுப்பினார்கள். டீசலுக்கு முடிந்ததைக் கொடுத்தால் போதும், வாங்கியதற்கு நன்கொடை என்று ரசீது போட்டுத் தந்துவிடுவார்கள்.

ஒருநாள் டவுனுக்குள் என் புதுக் காருக்கு முன்னால் அந்த வண்டி போனது. கரிசல் புழுதி அப்பிய பின்கண்ணாடியில் என் பெயர். அதற்குப் பின்னால், அக்காவின் தோளில் சாய்ந்திருந்த மச்சானின் தலை. நான் ஹாரன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து அடுத்த தெருவில் திருப்பிவிட்டேன். புதுக் காரில் கூட்டிப்போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்த யோசனை அன்று எனக்கு வரவில்லை. வராததை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐப்பசியில் மச்சான் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு, அக்கா ஒரு மஞ்சள் பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒம் பொண்டாட்டி எல்லாத்தையும் சொன்னா. நான் வந்து கேட்டன்னைக்கு நீ யாருக்கும் வாக்குக் குடுத்திருக்கலையாமுல்ல. ரசீதுக்காகத்தான் அங்க குடுத்தியாம். கடைசில அதுவும் கெடைக்கலையாம்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இந்தா. இதுல இருக்கது பூராம் ரசீதுதான். ஒங் காருல போனதுக்கு நாங்க குடுத்தது. எங்களுக்கு எதுக்கு இது, நீ வச்சுக்க தம்பி."

மச்சான் பெயரில் போட்ட ரசீது எனக்குச் செல்லாது. ஆனாலும் பையை வாங்கிக்கொண்டு காருக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுப் பிரித்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்றாக, தேதிப்படி அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தாள். மேலே இருந்ததை எடுத்தேன். என் கண் முதலில் தேடியது மச்சானின் பெயரை இல்லை. அடியில் எண்பது ஜி என்று அச்சடித்திருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

அச்சடித்திருந்தது.