எர்மிலா வீட்டுச் சீட்டி

மெக்சிகோ நகரத்துப் படக்கூடம் ஒன்றில் எர்மிலாவுக்குச் சத்தம் போடுகிற வேலை. திரையில் கேட்கும் காலடி, கதவு, கண்ணாடி உடைவது எல்லாம் அவள் கைவேலை. வீட்டில் சத்தம் போட ஆளில்லாமல் இங்கே வந்து போடுகிறாள் என்று கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். பொய்யில்லை. புருஷன் தெல்ஃபீனோ பருத்தி எடுக்க டெக்சாஸ் போய் மூன்று வருஷம். கடிதம் நின்று ஒரு வருஷம்.

அந்த வாரம் ஒரு சிரிப்புக் காட்சி வந்தது. குடித்துவிட்டு வந்தவன் ஜன்னலுக்குக் கீழே நின்று மனைவியைக் கூப்பிடுகிறான். இயக்குநர் பெரால்தா அவன் தள்ளாடினால் எக்காளம், விழுந்தால் முரசு என்று ரொப்பி வைத்திருந்தார். போட்டுப் பார்த்ததில் ஒருவரும் சிரிக்கவில்லை.

எர்மிலா எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னாள். "வீட்டுக்கு வர்றவன் எக்காளமா ஊதுவான், சார்? அவங்க வீட்டுச் சீட்டியத்தான் அடிப்பான். நடுவுல ஒரு விக்கல் விழட்டும். மிச்சத்த ஜனங்க பாத்துக்குவாங்க."

அந்த ஊரில் வீட்டுக்கு வீடு ஒரு சீட்டி உண்டு. அதைக் கேட்டுத்தான் கதவு திறக்கும். ஐந்து ஊதலில் முடிகிற இன்னொரு சீட்டியும் உண்டு; அது பெற்ற தாயை இழுக்கிற வசவு. விக்கல் சரியான இடத்தில் விழுந்தால் வீட்டுச் சீட்டியே வசவாகிவிடும். பிறகு கொஞ்சநேரம் மூச்சுச் சத்தம்கூட இருக்கக் கூடாது என்றாள்.

எந்தச் சீட்டி என்று பெரால்தா கேட்டார். அவள் வாயில் வந்தது தெல்ஃபீனோவுடையதுதான். வேறொன்றை அடித்திருக்கலாம். ஆனால் படம் எல்லை தாண்டிப் போகும், பருத்திக்காட்டில் வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் போவார்கள், அவன் காதில் விழுந்தால் வந்துவிடுவான் என்று பாழும் மனசு கணக்குப் போட்டது. உதட்டை நனைத்துக்கொண்டு அடித்தாள்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்த இடத்தில் கொட்டகை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அதோடு விட்டார்களா? ரொட்டிக்காரன் சைக்கிளில் போகும்போது அடித்தான், பேருந்து நடத்துநர் அடித்தார், பள்ளிப் பிள்ளைகள் விக்கலோடு அடித்தார்கள். முன்பெல்லாம் அந்தச் சீட்டி கேட்டால் அவன் ஒருவன்தான். இப்போது தெருவே தெல்ஃபீனோ. நம் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

ஒருநாள் அடுத்த வீட்டு ரெஃபுஹியோவுக்கே பொறுக்கவில்லை. "ஏங்க்கா, ஊரே அடிக்குது. ஒவ்வொன்னுக்குமா ஓடுவ?"

"நூத்துல ஒன்னு அவரா இருந்துட்டா?" என்றபடி எர்மிலா ஜன்னலுக்குப் போனாள்.