வாய்விட்டுக் கூப்பிட்ட அன்று

கர்த்தருக்குள் அன்பானவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சாட்சியாகச் சொல்கிறேன்.

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கம் எங்கள் ஊர். எங்கள் சபை கண்டிப்பானது. போதகர் ஐயா உத்தரவு இல்லாமல் ஊசி, மாத்திரை கூடாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்கக் கூடாது. பெண்கள் சத்தமாக ஜெபிக்கக் கூடாது, உதடு மட்டும் அசையலாம். இருபது வருஷம் அப்படித்தான் இருந்தேன்.

போன வருஷம் ஐயா ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். மூப்பர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிப் பிரிந்தார்கள். சபைக்குப் பூட்டு விழுந்தது. விதி போட்டவர் போனாலும் விதிகளை நாங்கள் விடவில்லை. முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம். எங்கள் பாவத்தால்தான் சபை உடைந்தது என்று ஒவ்வொருவருக்கும் உள்ளுக்குள் பயம்.

சாமை அறுப்பு சமயம். ஞாயிறு மத்தியானம் ஆட்டை ஓட்டிவரப் போன என் வீட்டுக்காரர் காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல பாம்பு கடித்திருந்தது.

"ஐயாவ கேளு. கேக்காம ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவாத" என்றார்.

ஐயாவுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், மறுபடி அதே. அவர் போனதிலிருந்து அந்த எண் அப்படித்தான் என்று எனக்கே தெரியும். ஆனாலும் போட்டுக்கொண்டே இருந்தேன். வேறு யாரிடம் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கண் இமை சரியத் தொடங்கியது. பேச்சு குழறியது. நான் முழங்காலில் விழுந்தேன். வழக்கம்போல உதடு அசைந்தது. பயத்தில் ஒரு வசனமும் நினைவுக்கு வரவில்லை. என்னை மீறித்தான் அந்தச் சத்தம் வந்தது.

"ஆண்டவரே! எனக்கு யாரும் இல்ல! நீ வா!"

பாம்புக்குப் பயந்ததைவிட அந்தச் சத்தத்துக்கு அதிகம் பயந்தேன். அவர் செத்தால் இதனால்தான் சாவார் என்று நினைத்தேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இன்னும் சத்தமாகக் கத்தினேன்.

பக்கத்து வீட்டு மோசே அண்ணன் ஓடிவந்தார். அவரும் எங்கள் சபைதான், பிக்கப் வண்டி ஓட்டுகிறவர்.

"இன்னா ஆச்சு தங்கச்சி?"

பாம்பு என்று சொன்னேன். "இன்னிக்கு ஞாயித்துக்கெழம அண்ணா" என்றும் சொன்னேன்.

அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. "பாம்புக்குத் தெரியுமா ஞாயித்துக்கெழம? வண்டிய எடுக்கறேன். கேக்கறவரு வந்து என்னக் கேக்கட்டும்" என்றார்.

மலை இறங்கும் வழியெல்லாம் அவரும் நானும் மாறி மாறிச் சத்தமாக ஜெபித்தோம். ஒவ்வொரு வளைவிலும் என் வீட்டுக்காரருக்கு மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உடனே மருந்து ஏற்றினார்கள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

நான் உதட்டோடு நிறுத்தியிருந்தால் மோசே அண்ணன் காதில் விழுந்திருக்குமா? அந்தச் சத்தத்தைக் கொடுத்தவரும் கர்த்தரே என்று விசுவாசிக்கிறேன்.

இப்போது மோசே அண்ணன் வீட்டு வாசலில் கூடுகிறோம். முதல் வாரம் ஜெபத்தை யார் ஆரம்பிப்பது என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். என் வீட்டுக்காரர்தான் என் பக்கம் திரும்பி, "நீயே கூப்புடு. உன் சத்தத்துலதான நான் பொழச்சேன்" என்றார்.

பிரியமானவர்களே, பயம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. பயத்தோடேயே கூப்பிடுகிறேன். நீங்களும் யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வாய்விட்டுக் கூப்பிடுங்கள். கர்த்தர் கேட்பார். பக்கத்து வீட்டிலும் கேட்கும்.