கண்மலரில் விழுந்த கீறல்

ஆடிக் கிருத்திகைக்கு முந்தைய நாள், காலை பத்து இருபது. பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் என் மகளுக்குக் கண் அறுவை சிகிச்சை. அதற்குள் திருத்தணி முருகனுக்கு, அவள் கண்ணுக்கான காணிக்கையாக வெள்ளிக் கண்மலர் செலுத்திவிடத் தவித்தேன். மலையடிவாரப் பட்டறையில், வெள்ளி வேலை செய்யும் பத்தர் அரக்கில் பதித்த தகட்டில் இமைமயிர்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்ளோ நேரம்?" என்று அவருடைய வேலைப் பலகையைப் பிடித்து உலுக்கினேன். உளி வழுக்கி, ஒரு கண்ணின் இமைமேல் கீறல் விழுந்தது.

"என் பொண்ணு கண்ணையே கெடுத்துட்டியேய்யா" என்று கத்தினேன்.

அவர் மறுபடி உளியை எடுத்தார். கீறலை ஆழப்படுத்தி இமை மடிப்பாக்கினார். பிறகு, பழுதில்லாத மற்ற கண்ணிலும் அதே கோட்டை வெட்டினார்.

"ஜோடி ஒண்ணா இருக்கணுங்க. இப்ப ரெண்டும் நல்லாப் பாக்குது. எடுத்துகினு மலைக்குப் போங்க."

அறுவை சிகிச்சைக்குப் பிறகும் மகளுக்கு இன்னும் நிழல்தான் தெரிகிறது. என் நாட்குறிப்பில் எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அந்தப் பத்தரிடம் மன்னிப்புக் கேட்ட தேதி மட்டும் இல்லை.