தட்டுகள் போய்த் திரை வந்தபோது

ஜெர்மனியின் எசன் நகரில் நான் பரிமாறும் வேலை செய்த பியர்க் கடையின் சுவரில் ஒரு சூதாட்டப் பெட்டி தொங்கியது. நாணயம் போட்டால் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று தட்டுகள் சுழன்று, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அதற்குள் ஆட்கள் ஒரு வாய் குடித்து, பக்கத்தில் நிற்பவரோடு நாலு வார்த்தை கதைத்துவிடுவார்கள்.

தொழிற்சாலை வேலை முடிந்து வரும் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரும் அப்படித்தான் விளையாடினார். மகளின் பள்ளிக்கூடப் புதினங்களைச் சொல்லிச் சிரிக்கவைப்பார். கதை சுவாரசியத்தில் தட்டுகள் நின்றதைக்கூடக் கவனிக்கமாட்டார்.

பிறகு இந்தப் பெட்டிகளுக்கான அரசாங்க விதிகள் தளர்ந்தன. மெக்கானிக் வந்து பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுத் திரை வைத்த ஒன்றை மாட்டினார். தட்டு எங்கே என்று அண்ணை எட்டிப் பார்த்தார். முதலில் சுருள்வில்லும் பற்சக்கரமும், பிறகு மோட்டார், இப்போது எல்லாம் கணினிப் படம்தான் என்று மெக்கானிக் பெருமையாகச் சொன்னார்.

புதியது ஓயவேயில்லை. ஒரு சுற்று முடியுமுன் அடுத்தது தொடங்கும். சில மாதங்களில் அண்ணை எங்களோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். நான் வைத்த சூப் ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் பின்னேரம் அவருடைய மனைவி வந்தார். அதுவரை அவர் அந்தக் கடைக்குள் காலடி வைத்ததில்லை.

"இஞ்சருங்கோ, வீட்டுக்கு வாங்கோ."

"இந்தா வாறன். இன்னும் ஒருக்கா."

அக்கா கோட்டைக் கழற்றாமலே பக்கத்து ஸ்டூலில் இருந்தார். நான் தேநீர் கொடுத்தேன். வெகுநேரம் கழித்து, "அப்பிடி என்னதான் கிடக்கு எண்டு நானும் பாக்கிறன்" என்று எட்டிப் பொத்தானை அமத்தினார். பெட்டி முழுக்க வெளிச்சம், பாட்டு. வென்றுவிட்டார்!

"பாத்தீரே? உமக்கு ராசி இருக்கு. இன்னும் ஒருக்கா அமத்தும்!" அண்ணை கைதட்டினார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இது வேண்டாம். நீங்கள் எழும்பி வாங்கோ, விளையாடினது காணும்."

அவர் எழும்பவில்லை. அக்கா தனியே போனார். அந்தக் கோடையில் மகளையும் கூட்டிக்கொண்டு ஹம்பேர்க்கில் இருந்த தங்கையிடம் போய்விட்டார்.

இரண்டு வருடங்களுக்குப் பின் அண்ணையை ரயில் நிலையத்தில் கண்டேன். ஆலோசனை நிலையத்துக்குப் போய் விளையாட்டை விட்டுவிட்டாராம்.

"அக்காவுக்குத் தெரியுமோ?"

"ஓம், சொன்னனான். சந்தோசம் எண்டவ." ரயில் வரும் பக்கம் பார்த்தார். "ஆனால் திரும்பி வர ஏலாதாம்."

மகளைப் பார்க்க மாதமொருமுறை போகிறாராம். அவள் இப்போது அவரோடு ஜெர்மனில்தான் பேசுகிறாள் என்றார்.