பன்னிரண்டாவது ஜோடி

ஒவ்வொரு குழந்தையும் கோட்டைக்குள் ஏறியதும், குனிந்து அதன் செருப்பை வரிசையில் நேராக வைக்கிறார் பலூன்காரர். காற்றடைத்த குதிக்கும் கோட்டையை விழாக்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் தொழில். "உள்ள தலையை எண்ண முடியாதுங்க, குதிச்சுக்கிட்டே இருக்கும். செருப்பு குதிக்காது" என்பார்.

ஆள் வாட்டசாட்டம், பார்வை மட்டும் எப்போதும் தரையில். எதையோ தொலைத்துவிட்டார் என்று தேடித்தர வருபவர்கள் உண்டு. அவர் பார்ப்பது குப்பையை. உச்சி வெயிலில் மண் கொதித்தால் சூடான காற்று மேலே கிளம்பும், கிளம்பும்போதே சுழன்று முதலில் குப்பையைச் சுற்றவைக்கும் என்பது அவர் கண்ட பாடம். "மரம் ஆடினா எல்லாருக்கும் தெரியும். இது சத்தமில்லாம தரையிலேர்ந்து வரும்." அதனால் கோட்டைக்கு எட்டுக் கயிறு, எட்டு இரும்பு முளை, ஒவ்வொன்றும் முழங்கால் ஆழம். "யானையையா கட்டப் போறீங்க?" என்று மனைவியே கேலி செய்வார். இப்போது செய்வதில்லை.

சென்ற ஞாயிறு, ஒரு தொழிற்சாலையின் குடும்ப விழா. மைதானத்தில் இலை அசையவில்லை. ஓரத்தில் கிடந்த காகிதக் கோப்பை ஒன்று தன்பாட்டுக்கு வட்டமடிக்க ஆரம்பித்தது.

"இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க!" தொண்டை கிழியக் கத்தினார்.

"காத்தே இல்லையே, ஏங்க பிள்ளைங்களப் பயமுறுத்துறீங்க?" என்று ஒரு அம்மா சண்டைக்கு வந்தார்.

அவர் காதில் வாங்கவில்லை. பிள்ளைகளைக் கைக்குக் கிடைத்தபடி தூக்கி வெளியே விட்டார். பத்து எண்ணும் நேரம்கூட ஆகியிருக்காது. புழுதி தூணாக எழுந்தது. எட்டு முளையும் பல்லைப் பிடுங்கினாற்போல் தெறித்தன. அத்தனை பெரிய கோட்டை, எதிரிலிருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேலே புரண்டு புரண்டு அந்தப் பக்கம் மறைந்தது.

சண்டைக்கு வந்த அம்மா மகனை இறுக்கிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பலூன்காரர் சிதறிய செருப்புகளைப் பொறுக்கி ஜோடி சேர்த்தார். பன்னிரண்டு. பிள்ளைகளை எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். தரையைத் தவிர எதையும் பார்க்காத மனிதர் அண்ணாந்து அந்தக் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தபடி நின்றார்.

"மாமா, என் செருப்பு எங்க?"

பின்னால் ஒரு சின்னப் பெண். யாரும் கவனிக்காதபோது இறங்கி, வெறுங்காலோடு தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். வாயிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மண்டியிட்டு, பன்னிரண்டாவது ஜோடியை அவள் காலில் மாட்டினார்.

"மாமா, மாத்திப் போட்டுட்டீங்க."

அவர் சரிசெய்யவில்லை. அந்தச் சின்னக் கணுக்கால்கள் இரண்டையும் தரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தார்.