ஹெர்மெலிந்தா கடையின் மூன்றாவது இழுப்பறை

எங்கள் ரூஸ்வெல்ட் அவென்யூவில் ரயில் தலைக்கு மேல் ஓடும். அது கடக்கும்போது எல்லோரும் பாதி வார்த்தையில் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் மீதியைச் சொல்வார்கள். ஹெர்மெலிந்தா மட்டும் நிறுத்தமாட்டாள். தண்டவாளத்துக்கு நேர் கீழே முடி அலங்காரக் கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் ரயிலுக்கு வழிவிட்டதில்லை. அவள் சொல்வதில் பாதிதான் காதில் விழும். அந்தப் பாதியே தாராளம் என்று வாடிக்கைக்காரிகள் கேலி செய்வார்கள்.

எக்வடாரில் லோஹா என்கிற மலை ஊர்க்காரி. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு நியூயார்க்குக்கு வந்து, குயின்ஸில் ஒண்டிக்கொண்டு, ஆபீஸ் தரைகளைத் துடைத்த காசில் முடி வெட்டப் படித்தாள். கடை திறந்த புதிதில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. லோஹாவில் குடிக்கிற சிவப்பு மூலிகைத் தண்ணீரைப் பானை நிறையக் காய்ச்சி வைத்துவிட்டு, அதைத் தானே குடித்துத் தீர்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு மதியம் உள்ளே வந்தவள்தான் நூபியா. கொலம்பியாவிலிருந்து வந்த திருநங்கை. நல்ல உயரம், போதாததற்குக் குதிகால் செருப்பு வேறு. வாசலில் குனிந்துதான் நுழைய வேண்டியிருந்தது.

"டோன்யா, எங்கள மாதிரி ஆளுக்கும் முடி பண்ணிவிடுவீங்களா, இல்ல வெளிய போன்னு சொல்லுவீங்களா? முன்னாடியே சொல்லிட்டா நான் உக்காந்து எந்திரிக்கிற வேலை மிச்சம்," என்றாள். டோன்யா என்பது ஸ்பானிஷில் பெரிய பெண்களை மரியாதையாகக் கூப்பிடுவது.

"தலையில முடி இருக்குல்ல? உக்காரு," என்றாள் ஹெர்மெலிந்தா.

மறுநாள் நூபியா தன் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தத் தோழிகள் தங்கள் தோழிகளைக் கூட்டி வந்தார்கள். பொழுது சாய்ந்ததும் அவென்யூவில் நிற்கிறவர்கள் அவர்கள். என்ன தொழில் என்று ஹெர்மெலிந்தா கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மதியம் முழுக்கத் தலையில் ரோலர் சுற்றிக்கொண்டு, சிவப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு, ஊர் வம்பை எல்லாம் அலசுவார்கள். இதைப் பார்த்துவிட்டு மாதா கோயிலில் இரண்டொரு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "என் அடுப்பு எரியறதே அவங்களாலதான். நீங்க ஒருத்தியாவது வந்து சீவிக்கிட்டீங்களா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டுவிட்டாள். அந்த நன்றி அவளுக்குக் கடைசிவரை குறையவில்லை.

அந்த நாளில் அவென்யூவில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. எய்ட்ஸ் நோய் பரவக்கூடாது என்று நகராட்சி வண்டி வந்து ஆணுறைப் பாக்கெட்டுகளை இலவசமாக அள்ளிக் கொடுக்கும். வண்டி நகர்ந்ததும் அதே நகரத்தின் போலீஸ் வந்து பெண்களின் கைப்பையைக் கவிழ்க்கும். உள்ளே ஆணுறை இருந்தால் விபச்சாரத்துக்கு நின்றதற்கு அதுவே சாட்சி. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பிளாஸ்டிக் பையில் போட்டு முத்திரை வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்பும். இந்த லட்சணத்தில் ஓர் ஊர் நடந்தது என்று இப்போது சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு.

இதற்கு நடுவே, இரண்டு பாக்கெட் வரை வைத்திருக்கலாம், மூன்றாவது இருந்தால்தான் கேஸ் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி கிடையாது. ஆனால் அவென்யூ அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டது. வண்டியில் வாங்கின கையோடு இரண்டை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, மீதியைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டுப் போவார்கள். நூபியாவும் அந்தக் கணக்கை நம்பி இரண்டு வைத்திருந்தாள். அவளைப் பிடித்தார்கள். வெளியே வந்த பிறகு அவள் ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை.

சில வருடம் கழித்து அதே நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்தாள். ஹெர்மெலிந்தா திங்கட்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டுப் போய், ஒரு பேசினை வைத்துக் கட்டிலிலேயே அவள் முடியை அலசிவிட்டு வருவாள்.

"பயந்துட்டேன் டோன்யா. பையில வைக்கப் பயந்துட்டேன், வேற ஒண்ணும் இல்ல," என்றாள் நூபியா ஒரு நாள். ஹெர்மெலிந்தா சோப்பு நுரையை வழித்துக்கொண்டிருந்தாள். நூபியாவை அடக்கம் செய்து வந்த வாரம், கடையில் ரோலர் வைத்திருக்கும் அலமாரியின் மூன்றாவது இழுப்பறையைக் காலி செய்தாள்.

"வண்டில குடுக்கிறத எல்லாம் இங்க கொண்டாந்து போடுங்கடி. போலீசுக்குக் கண்ணு உங்க பைமேல தான? கடைக்குப் பை கிடையாது. வேணும்கிறப்ப வந்து ரெண்டு ரெண்டா எடுத்துக்கிட்டுப் போங்க," என்றாள்.

கணக்கு தப்பு. பைக்கு ஒரு சட்டம், இழுப்பறைக்கு ஒரு சட்டம் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். எல்லோரும் அந்த இரண்டு பாக்கெட் கதையை நம்பியதால் வந்த வினை இது. ஆனால் அந்தத் தப்புக் கணக்கால் பிழைத்துக் கிடந்த உயிர்கள் அந்த அவென்யூவில் இருக்கின்றன. நூபியாவோடு ஒரே அறையில் குடியிருந்த இன்னொரு திருநங்கை சுலாய் அதில் ஒருத்தி. "நான் இன்னும் உசுரோட இருந்து உங்க கழுத்தை அறுக்கிறேன்னா அதுக்கு நீங்கதான் காரணம் டோன்யா, யார்கிட்டயும் புகார் பண்ணாதீங்க," என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

ஒரு பிற்பகல் சுலாய் வந்து, இழுப்பறையைத் திறந்து, இரண்டை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னாலேயே சாதாரண உடுப்பில் இரண்டு ஆட்கள் உள்ளே வந்து போலீஸ் வில்லையைக் காட்டினார்கள். யாரோ புகார் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது இழுப்பறையை அப்படியே உருவித் தரையில் கவிழ்த்தார்கள். பாக்கெட்டுகள் நாற்காலிக் கால் வரை சரிந்து ஓடின. விபச்சார விடுதி நடத்தினாள் என்று வழக்கு.

ஹெர்மெலிந்தா அப்போது பேக்கரிக்கார மார்லேனியின் தலைக்குச் சாயம் பூசி வைத்திருந்தாள். "ஐயா, இதை இப்ப அலசலைன்னா இந்தம்மா மண்டை வெந்துபோகும். நான் எங்க ஓடிரப் போறேன்? கொஞ்சம் உக்காருங்க," என்றாள். அவர்களில் ஒருவருக்கு ஸ்பானிஷ் தெரிந்திருந்தது. என்ன நினைத்தாரோ, உட்கார்ந்தார். அவள் நிதானமாகச் சாயத்தை அலசி, துண்டைச் சுற்றி, காதோரம் ஒட்டியிருந்த கறையையும் துடைத்த பிறகுதான் விலங்குக்குக் கையை நீட்டினாள்.

அரசாங்கம் அமர்த்திக் கொடுத்த வக்கீல் பெர்ல்மன் நல்ல மனிதர், ஆனால் ஏகப்பட்ட கேஸ்களுக்கு நடுவே மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர்.

"குத்தத்த ஒத்துக்கிட்டீங்கன்னா ஜெயில் கிடையாது. கொஞ்ச நாள் பூங்காவைப் பெருக்கச் சொல்லுவாங்க, முடிஞ்சுபோயிரும்," என்றார்.

"என் கிரீன் கார்டு?"

பெர்ல்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மாதிரி கேஸ்ல ஒத்துக்கிட்டா, திருப்பி அனுப்ப வாய்ப்பு இருக்கு."

"அப்ப ஒத்துக்க மாட்டேன். லோஹாவுல எனக்கு யாரு இருக்கா? என் சனம் எல்லாம் இந்த ரயிலுக்கு அடியிலதான் இருக்கு."

அவள் ஜாமீனில் வந்து கடையை நடத்த, வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அந்தச் சமயத்தில்தான் பல வருடப் போராட்டம் ஒன்று பலித்தது. அவென்யூவின் பெண்களும் அவர்களுக்காகப் பேசும் அமைப்புகளும் பஸ் பிடித்து மாநிலத் தலைநகருக்குப் போவதும், கதவு கதவாகத் தட்டுவதும், வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தார்கள். சுலாயும் நூபியாவின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறாள். கடைசியில் ஒரு நாள், விபச்சார வழக்குகளில் ஆணுறையை இனிச் சாட்சியாகக் கொண்டுவரக்கூடாது என்று சட்டம் மாறிய செய்தி வந்தது. சுலாய் கடைக்குள் ஓடி வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, "நிஜமாத்தான் இருக்குமா டோன்யா?" என்று அவளே கேட்டாள்.

பெர்ல்மன் கடைக்கே வந்தார். "ரொம்ப சந்தோஷப்படாதீங்க. தெருவுல நிக்கிறவங்க பைக்கு அது பொருந்தும். கடைக்காரங்களுக்குப் பொருந்துமான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அரசு வக்கீல் மல்லுக்கு நின்னா, இது முடி பண்ற இடம்தான்னு சொல்ல நமக்கு ஆள் வேணும். உங்க வாடிக்கைக்காரங்க யாரு?"

"யார் பேரையும் சொல்ல மாட்டேன்," என்றாள் ஹெர்மெலிந்தா. "போலீஸ் நிக்கிற வாசல்ல அவங்களைக் கால் வைக்கச் சொல்ற அளவுக்கு நான் நன்றி கெட்டவ இல்ல."

முடி காயவைக்கும் இயந்திரத்தின் தொப்பிக்குள் தலையை விட்டுச் சுலாய் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று ஹெர்மெலிந்தா நினைத்துக்கொண்டாள்.

விசாரணை நாளன்று அவள் மாதா கோயிலுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு போனாள். நீதிமன்ற வாசலில் நீண்ட வரிசை. பையில் இருப்பதை எல்லாம் ஒரு தட்டில் கொட்டிவிட்டு, இயந்திர வளைவு வழியாக நடக்க வேண்டும். இரண்டு பக்கமும் சீருடை. வரிசை மெல்ல நகர்ந்தபோதுதான் முன்னால் நிற்கிற முதுகு ஒன்று தெரிந்த முதுகாகப் பட்டது. அந்தக் கொண்டை அவள் கையால் போட்ட கொண்டை.

"ஏண்டி, நீ எங்க வந்த?" என்றாள் காதோரம்.

"முடி பண்ணிக்கிற இடம்னு சொல்ல வந்தேன்," என்றாள் சுலாய், திரும்பாமலே. "நான் மட்டும் இல்ல. மத்தவங்க முன்னாடியே போயாச்சு. நீங்கதான் லேட்டு."

ஹெர்மெலிந்தா அந்தக் கொண்டையில் தளர்ந்திருந்த ஓர் ஊசியை அழுத்திச் செருகினாள். அதற்குள் சுலாயின் முறை வந்துவிட்டது. அவள் கைப்பையைத் தட்டில் கவிழ்த்தாள். உதட்டுச் சாயம், சாவி, சீப்பு, அதோடு பொலபொலவென்று ஆணுறைப் பாக்கெட்டுகள். ஒன்றிரண்டு இல்லை, ஒரு கை நிறைய.

போச்சு, பாழாய்ப் போனவள் இங்கேயா இதைக் கொண்டு வருவாள் என்று ஹெர்மெலிந்தா தட்டையும் சீருடைக்காரரையும் மாறி மாறிப் பார்த்தாள். சுலாயின் கழுத்து நரம்பு துடிப்பது பின்னால் நின்ற அவளுக்குத் தெரிந்தது. வேண்டுமென்றேதான் கொண்டு வந்திருக்கிறாள். அந்தச் செய்தி நிஜம்தானா என்று சோதித்துப் பார்க்க அவளுக்கு வேறு வழி இல்லை.

சீருடைக்காரர் தட்டைப் பார்த்தார். ஒரு விரலால் சீப்பை நகர்த்தினார். "பெல்ட்டையும் கழட்டிப் போடும்மா," என்றார். சுலாய் பெல்ட்டைக் கழற்றிப் போட்டாள். தட்டு இயந்திரத்துக்குள் போய் மறுபக்கம் வந்தது. "அடுத்தவங்க வாங்க," என்றார். சுலாய் எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு சுவரோரம் போய் நின்று, மூக்கை உறிஞ்சினாள்.

உள்ளே பார்வையாளர் பெஞ்சு இரண்டு வரிசை நிறைந்திருந்தது. கடையில் ரோலரோடு பார்த்த தலைகள் எல்லாம் படிய வாரிக்கொண்டு, மாதா கோயிலில் முதல் நற்கருணை வாங்க வந்த பிள்ளைகள் போலக் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தன. ஓரத்தில் பேக்கரிக்கார மார்லேனியும் இருந்தாள்.

அவர்கள் யாரும் பேச வேண்டியே வரவில்லை. அரசு வக்கீல் எழுந்தார். இழுப்பறையில் எடுத்ததை அரசுத் தரப்பு சாட்சியாக வைக்கப் போவதில்லை என்றார். அதைத் தவிர வேறு எதுவும் தங்களிடம் இல்லை என்றார். நீதிபதியம்மா பெர்ல்மனை ஒரு பார்வை பார்த்தார், காகிதத்தில் எதையோ எழுதினார், வழக்கைத் தள்ளுபடி செய்தார். ரயில் ஒன்று கடந்து போகிற நேரம்கூட ஆகவில்லை.

"உங்களுக்குப் புரிந்ததா? நீங்கள் போகலாம்," என்றார் நீதிபதி. பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை ஸ்பானிஷில் சொன்னார். ஹெர்மெலிந்தாவின் வாயிலிருந்து வருவது எதுவானாலும் அதை ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொல்வது அந்தப் பெண்ணின் வேலை.

"புரிஞ்சுதும்மா, ரொம்ப நன்றி," என்றாள் ஹெர்மெலிந்தா. "ஆனா முதல் நன்றி நான் வேற இடத்துல சொல்லணும். கோவிச்சுக்காதீங்க." சொல்லிவிட்டு, நீதிபதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சுகள் பக்கம் திரும்பிவிட்டாள். காவலர் ஒருவர் முன்னால் வந்தார். நீதிபதி கையை லேசாக உயர்த்தியதும் நின்றுவிட்டார்.

"நான் கூப்பிடலை, நீங்களா வந்தீங்க," என்றாள். "எனக்கு நல்லா நன்றி சொல்லத் தெரியாது. பேராச்சும் சொல்றேன். சுலாய்."

மொழிபெயர்ப்பாளர் தன் வேலையை விடவில்லை. "சுலாய்," என்றார் ஒலிபெருக்கியில்.

இந்தக் கட்டடத்தில் அவளை இதற்கு முன்பும் எத்தனையோ முறை அழைத்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் காகிதத்தில் இருந்த பழைய ஆண் பெயரைத்தான் வாசிப்பார்கள், அதன் பின்னாலேயே குற்றத்தையும் வாசிப்பார்கள். சுலாய் பழக்க தோஷத்தில் விருட்டென்று எழுந்து நின்றாள். விலங்குக்குப் பழகிய கைகள் தாமாகவே முன்னால் சேர்ந்துகொண்டன. அப்புறம் அவற்றைப் பார்த்து, மெல்லப் பிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "இருக்கேன்," என்றாள்.

பெயருக்குப் பின்னால் எந்தக் குற்றமும் வரவில்லை. அடுத்த பெயர்தான் வந்தது.